நோ பார்க்கிங் போர்டு ரோட்டுக்குத்தானே, ஃபுட்பாத்துக்கு ஏன் அபராதம்?

தம்பி, உங்கள் கேள்வி நீளமாக இருந்தது. படிக்கிற மற்றவர்களுக்காக அதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மதுரையிலிருந்து பெங்களூருக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. ஓட்டுவது தமிழ்நாட்டு நம்பர் ஸ்கூட்டர். இந்திராநகர் நூறடி ரோட்டில் ஒரு கடைக்குப் போனபோது ரோட்டோரம் நோ பார்க்கிங் போர்டு இருந்தது. சரி, ரோட்டில் விட வேண்டாம் என்று ஃபுட்பாத்தில் ஏற்றி ஓரமாக நிறுத்தினீர்கள். கடை வாட்ச்மேனும் "இங்கேயே விடுங்க சார்" என்று கை காட்டினார். ஏற்கெனவே பத்து வண்டி அங்கே நின்றது. இரண்டு நாள் கழித்து போனுக்கு அபராதச் செய்தி வந்தது. நீங்கள் கேட்பது மூன்று: போர்டு ரோட்டுக்குத்தான் என்றால் ஃபுட்பாத்தில் நின்ற வண்டிக்கு எப்படி அபராதம் போடலாம்? பத்து வண்டியில் என் வண்டியை மட்டும் பிடித்தது டி.என். நம்பர் என்பதாலா? கட்டாமல் விட்டால் என்ன ஆகும்?

நான் சிவாஜிநகரில் ஒரு வக்கீல் ஆபீசில் மோட்டார் வாகன வழக்குகளின் காகித வேலையை இருபது வருடத்துக்கு மேலாகப் பார்த்துவருகிறேன். வீடு அல்சூரில். உங்களைப் போல மாதத்துக்கு நாலைந்து பேராவது இதே கேள்வியோடு வருகிறார்கள். எல்லோரும் ஒரே இடத்தில்தான் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். போர்டு எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும்தான் தடை, போர்டு இல்லாத இடம் எல்லாம் நமக்கு என்று நினைக்கிறார்கள். ரோட்டைப் பொறுத்தவரை அது ஓரளவு சரி. ஃபுட்பாத்துக்கு அந்தக் கணக்கு செல்லாது. ஃபுட்பாத்தில் நிறுத்தக் கூடாது என்பதற்குப் போர்டே வேண்டியதில்லை.

சட்டத்தில் அது எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் வந்தது. சாலை விதிகள் அதைத் தொடர்ந்து 1989-இல் வந்தன. எங்கெல்லாம் வண்டி நிறுத்தக் கூடாது என்ற பட்டியல் அந்த விதிகளிலேயே இருந்தது: சாலைச் சந்திப்பு, வளைவு, சிக்னல் அருகே, பஸ் ஸ்டாப் அருகே, பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரி வாசல் என்று போகிற அந்தப் பட்டியலில் நடைபாதையும் ஒன்று. 2017-இல் அந்த விதிகளை எடுத்துவிட்டு மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் என்று புதிதாகக் கொண்டுவந்தார்கள். அதிலும் நடைபாதை, சைக்கிள் பாதை, பாதசாரிகள் கடக்கும் கோடு ஆகியவற்றின் மேல் நிறுத்தக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. இது இந்தியா முழுவதற்கும் பொது. மதுரை மாசி வீதியிலும் இதே விதிதான். பெங்களூரில் புதிதாகக் கண்டுபிடித்த கெடுபிடி எதுவும் இல்லை.

"ஃபுட்பாத் ரோடு இல்லையே, அதற்கு வாகனச் சட்டம் எப்படிப் பொருந்தும்" என்று சிலர் வாதாடுவார்கள். சட்டத்தின் இரண்டாவது பிரிவில் 'பொது இடம்' என்பதற்கு விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். மக்கள் போக உரிமையுள்ள சாலை, தெரு, வழி எல்லாமே பொது இடம்தான். ஃபுட்பாத் அதற்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே அந்த வாதம் எடுபடாது, எடுபட்டு நான் பார்த்ததும் இல்லை.

இன்னொன்றையும் நீங்கள் கவனிக்க வேண்டும். ரோட்டிலிருந்து ஃபுட்பாத்துக்கு வண்டி பறந்து போகவில்லை. கேட் முன்னால் உள்ள சரிவில் ஏற்றி, நடக்கிறவர்களுக்கு நடுவே ஓட்டித்தான் போயிருப்பீர்கள். ஃபுட்பாத்தில் ஓட்டுவது தனிக் குற்றம். போர்டுக்குப் பயந்து சின்னத் தப்பிலிருந்து பெரிய தப்புக்குப் போனதுதான் நடந்தது. கடுமையாகச் சொல்வதாக நினைக்காதீர்கள். நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் செய்தீர்கள், ட்ராஃபிக்குக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று ஒதுங்கினீர்கள். ட்ராஃபிக் என்றால் வண்டி மட்டும்தான் என்ற பழக்கம் நம் எல்லோருக்குள்ளும் இருக்கிறது.

ஓரமாகத்தானே நிறுத்தினேன் என்கிறீர்கள். அந்த 'ஓரம்' எவ்வளவு என்று அளந்து பார்ப்போம். சாலைகளுக்கான அளவுகளை வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்தியச் சாலை காங்கிரஸின் வழிகாட்டுதல்படி தடையில்லாமல் நடக்க ஃபுட்பாத்தில் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். கடைத்தெருக்களில் அதைவிட அதிகம். நம் ஊரில் ஓடுகிற சாதாரண ஸ்கூட்டரின் நீளமும் ஏறக்குறைய 1.8 மீட்டர்தான். சுவரைப் பார்த்து நேராக நிறுத்தினால் ஒரு ஸ்கூட்டர் முழு ஃபுட்பாத்தையும் அடைத்துவிடும். சுவரை ஒட்டி நீளவாக்கில் விட்டாலும் ஹேண்டில், கண்ணாடி, சைடு ஸ்டாண்டின் சாய்வு எல்லாம் சேர்ந்து பாதி போய்விடும். மிச்சப் பாதியில் ஒரு மரம், ஒரு மின்கம்பம், ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி. நடக்க எங்கே இடம்?

போன வருடம் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். எம்.ஜி. ரோடு மெட்ரோவில் இறங்கி கமர்ஷியல் ஸ்ட்ரீட் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். முன்னால் பார்வையற்ற ஒருவர், நாற்பது வயதிருக்கும், வெள்ளைக் கோலோடு போனார். ஃபுட்பாத்தின் நடுவே மஞ்சள் நிறத்தில் கோடு கோடாக மேடு வைத்த டைல்ஸ் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்குப் போட்டது இல்லை, காலாலும் கோலாலும் தடவி அவர்கள் வழி கண்டுபிடிப்பதற்கு. அவர் அந்தக் கோட்டை விடாமல் வந்தார். கோட்டின் மேலேயே ஏழெட்டு ஸ்கூட்டர் வரிசையாக நின்றது. கோல் நுனி ஒரு டயரில் தட்டியது. நின்றார். என்னவென்று பார்க்கக் கையை நீட்டினார். அப்போதுதான் யாரோ விட்டுப் போன பைக், அதன் சைலென்ஸரில் விரல் பட்டுவிட்டது. கையை உதறிக்கொண்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், கோலால் விளிம்பைத் தேடி ரோட்டில் இறங்கினார். பின்னால் பி.எம்.டி.சி. பஸ் ஹாரன் அடித்தது. நான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். "தினமும் இப்படித்தான் சார்" என்றார், அவ்வளவுதான். அதன் பிறகு ஃபுட்பாத்தில் நிற்கிற எந்த வண்டியையும் என்னால் 'ஓரமாக' நிற்கிறது என்று நினைக்க முடியவில்லை.

கார் ஏற்றுகிறவர்கள் இன்னொரு கெடுதலும் செய்கிறார்கள். பெங்களூரில் பல இடங்களில் ஃபுட்பாத் என்பதே மழைநீர்ச் சாக்கடையின் மேல் பரப்பிய கல் பலகைதான். மனிதர் நடக்கிற பாரத்துக்குப் போட்ட கல். அதில் ஒரு கார் தினமும் ஏறி இறங்கினால் விரிசல் விடும். பிறகு ஒரு மழையில் கல் உள்ளே போய்விடும். மறுநாள் காலை இருட்டில் பால் வாங்கப் போகிற அம்மாவின் கால் அதற்குள் இறங்கும். இந்த மாதிரி இடுப்பெலும்பு முறிந்த வழக்குகள் எங்கள் ஆபீசுக்கே வந்திருக்கின்றன. இழப்பீடு கேட்டு அலைவது ஃபைன் கட்டுவதைப் போல ஐந்து நிமிட வேலை இல்லை.

உச்ச நீதிமன்றமும் இதில் பேசியிருக்கிறது. சாலைப் பாதுகாப்பு பற்றி 2012-இல் வழக்குத் தொடுத்தவர் நம் கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன். விபத்தில் உடைந்த எலும்புகளைச் சேர்த்து வைப்பதையே தொழிலாகக் கொண்டவர். அந்த வழக்கில்தான் 2025 மே மாதம் நீதிமன்றம், தடையில்லாத நடைபாதையில் நடப்பது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று சொல்லி, பாதசாரிகளுக்கான வழிகாட்டு நெறிகளை உருவாக்கும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. ஆகவே ஃபுட்பாத் விஷயத்தில் கெடுபிடி கூடுமே தவிரக் குறையாது.

சரி, உங்கள் கையில் இருக்கும் அபராதத்துக்கு வருவோம். கட்டுவதற்கு முன் ஒன்றே ஒன்றைப் பாருங்கள்: வண்டி நின்றது உண்மையிலேயே ஃபுட்பாத்தா, கட்டடத்தின் முன்னிடமா? நூறடி ரோட்டில் பல கடைகள் பழைய வீடுகளை மாற்றிக் கட்டியவை. காம்பவுண்டு சுவரை இடித்துவிட்டு, வீட்டுக்கு முன்னால் விட வேண்டிய காலி இடத்தையும் ஃபுட்பாத்தையும் ஒரே மாதிரி டைல்ஸ் போட்டு ஒன்றாக்கிவிடுவார்கள். பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அந்த முன்னிடம் கட்டடக்காரருக்குச் சொந்தம். அவர் அனுமதியோடு அங்கே நிறுத்தினால் குற்றம் இல்லை. எல்லையைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சாக்கடை மூடிகளும் மேன்ஹோலும் எந்தக் கோட்டில் போகின்றன என்று பாருங்கள். பக்கத்தில் காம்பவுண்டு இடிக்காத பழைய வீடு ஒன்றாவது இருக்கும். அதன் சுவரிலிருந்து ஒரு நேர்கோடு மனத்தில் இழுத்துக்கொள்ளுங்கள். கோட்டுக்கு உள்ளே முழு வண்டியும் நின்றிருந்தால் உங்களுக்கு நல்ல வாதம் இருக்கிறது. பின் சக்கரம் மட்டும் கோட்டைத் தாண்டியிருந்தாலும் வாதம் போயிற்று.

வாட்ச்மேன் கை காட்டியது உங்களுக்குக் கவசம் ஆகாது. ஃபுட்பாத் அவருடைய முதலாளிக்குச் சொந்தம் இல்லை, அதில் இடம் கொடுக்க அவரால் முடியாது. அவர் வேலை வாடிக்கையாளரை உள்ளே அனுப்புவது. அபராதம் வருவது வண்டி உரிமையாளர் பெயருக்கு. இதே போல, சொந்த வீட்டுக்கு முன்னால் உள்ள ஃபுட்பாத்தும் வீட்டுக்காரருக்குச் சொந்தம் இல்லை. அங்கே தொட்டி வைப்பது, 'நோ பார்க்கிங்' என்று தாமாக எழுதிய பலகை மாட்டுவது, சங்கிலி கட்டுவது எதற்கும் சட்டத்தில் இடமில்லை.

பத்து வண்டியில் நான் மட்டும் ஏன் என்ற கேள்விக்கு: மற்றவர்களுக்கு வரவில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அவர்களுக்கும் வந்திருக்கலாம். வராமலே போயிருந்தாலும், அடுத்தவன் தப்பித்தான் என்பதால் என்னையும் விடு என்று சமத்துவ உரிமையைக் காட்டிக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. இன்னொரு விஷயம், அபராதத்துக்கு ஆதாரமாக வைத்த உங்கள் வண்டியின் படத்தை எடுத்தது போலீஸ்தான் என்றும் இல்லை. விதிமீறலைப் படம் எடுத்து அனுப்ப பெங்களூர் ட்ராஃபிக் போலீஸ் 2015-லேயே 'பப்ளிக் ஐ' என்று ஒரு ஆப் கொண்டுவந்தது. வழி கிடைக்காமல் ரோட்டில் இறங்கி நடந்த யாரோ ஒருவர் கோபத்தில் போனை எடுத்திருப்பார். எந்த வண்டியின் நம்பர் தெளிவாகத் தெரிந்ததோ அது மாட்டியது. டி.என். என்பதால் குறிவைத்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. எங்கள் ஆபீசுக்கு இதே அபராதத்தோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் கே.ஏ. நம்பர்காரர்கள்தான்.

தொகை பற்றி. மோட்டார் வாகனச் சட்டத்தில் போக்குவரத்து விதிமீறலுக்கான பொதுத் தண்டனை 177-ஆவது பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கு 500 ரூபாய் வரை, அடுத்த தடவைகளுக்கு 1,500 வரை. பொது வழியை அடைப்பது புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-ஆவது பிரிவிலும் வருகிறது, அதில் 5,000 வரை அபராதம் உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அது வெறும் 200 ரூபாயாக இருந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-ஆவது பிரிவின்படி, தடை செய்த இடத்தில் நிற்கும் வண்டியை இழுத்துப்போகவோ சக்கரத்துக்குப் பூட்டுப் போடவோ சீருடையில் உள்ள, அந்த எல்லைக்குப் பொறுப்பான போலீஸ் அதிகாரி உத்தரவிடலாம். இழுத்துப்போன செலவும் உரிமையாளர் தலையில்தான். அதாவது, அபார்ட்மென்ட் செக்யூரிட்டியோ கடைக்காரரோ தாமாகத் தெருவில் நிற்கிற உங்கள் வண்டிக்குப் பூட்டுப் போட முடியாது. போட்டால் 112-க்குக் கூப்பிடுங்கள்.

பெங்களூரில் டோயிங், அதாவது வண்டியை இழுத்துப்போவது, நின்றுவிட்டது என்று நண்பர்கள் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். டோயிங் வண்டிக்காரர்கள் நடந்துகொண்ட விதம் பற்றிப் பெரிய புகார் எழுந்து 2022 பிப்ரவரியில் அரசு அதை நிறுத்தியது உண்மை. 2025-இல் திரும்பக் கொண்டுவருவோம் என்று அரசுத் தரப்பிலேயே சொன்னார்கள். எப்படி இருந்தாலும் சட்டத்தில் அந்த அதிகாரம் அப்படியேதான் இருக்கிறது. நின்ற வண்டி இழுபடாது என்ற நம்பிக்கையில் ஃபுட்பாத்தில் ஏற்றாதீர்கள்.

கட்டும் முன் நோட்டீஸை முழுக்கத் திறந்து பாருங்கள். பெரும்பாலோர் தொகையை மட்டும் பார்க்கிறார்கள். படத்தில் இருப்பது உங்கள் வண்டிதானா? நம்பரில் 3-ஐ 8 என்று படித்து மாற்றிப் போடுவது உண்டு. கலர், மாடல் ஒத்துப்போகிறதா, இடமும் நேரமும் சரியா என்று பார்க்க வேண்டும். கேமராவில் பதிவான குற்றத்துக்கு 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று 2021-இல் வந்த விதி சொல்கிறது. உங்களுக்கு இரண்டே நாளில் வந்துவிட்டதால் அதில் பிடிமானம் இல்லை. தப்பு இருந்தால் நோட்டீஸில் குறிப்பிட்டிருக்கும் ட்ராஃபிக் ஸ்டேஷனுக்கு ஆர்.சி. நகல், படங்களோடு நேரில் போய் எழுத்தில் கொடுங்கள், ஒரு பிரதியில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கன்னடம் எழுத வராதென்று தயங்க வேண்டாம், ஆங்கிலத்தில் கொடுக்கலாம். அங்கே தீராவிட்டால் கோர்ட்டில் மறுக்கலாம். ஆனால் தப்பு நம்முடையது என்று தெரிந்தே இந்தத் தொகைக்காக இரண்டு நாள் லீவு போட்டு அலைவதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

கட்டுவதானால் ட்ராஃபிக் போலீஸின் இணையதளத்திலோ அரசுச் சேவை மையமான பெங்களூர் ஒன்னிலோ கட்டலாம். ரசீதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மிக முக்கியமாக, வந்த செய்தியில் உள்ள லிங்கை அழுத்தாதீர்கள். அபராதம் என்று வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. கோப்பு (போனில் ஆப்பை ஏற்றுகிற கோப்பு) அனுப்பி, அதைத் திறந்ததும் வங்கிக் கணக்கைத் துடைத்து எடுக்கிற கூட்டம் இருக்கிறது. போன மாதம் எங்கள் தெருவில் ஒரு ஓய்வுபெற்ற பெரியவர் அப்படித்தான் மாட்டினார். முகவரியின் கடைசியில் 'கவ் டாட் இன்' என்று முடிகிற அரசுத் தளத்துக்கு நீங்களே போய், வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள். அங்கே இருந்தால்தான் அது அபராதம்.

கட்டாமல் விட்டால் உடனே ஒன்றும் ஆகாது, அதுதான் பலரை ஏமாற்றுகிறது. பாக்கி அப்படியே நிற்கும். அடுத்த தடவை எங்காவது போலீஸ் வண்டியை நிறுத்திக் கருவியில் நம்பரைத் தட்டினால் எல்லாம் வரிசையாக வரும். வண்டி விற்கும்போது, பெயர் மாற்றும்போது முட்டுக்கட்டையாகும். கோர்ட்டுக்குப் போனால் சம்மன் வரும். 2023 பிப்ரவரியில் கர்நாடக அரசு பழைய பாக்கிக்குப் பாதித் தள்ளுபடி கொடுத்தது, 2025 ஆகஸ்டிலும் கொடுத்தது. அடுத்ததும் வரும் என்று காத்திருக்கிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு 'இரண்டாவது தடவை' தொகை ஏறிக்கொண்டே போகிறது.

நீங்கள் ஊருக்குப் புதிது என்பதால் போர்டு படிக்கக் கொஞ்சம் சொல்கிறேன். நீல வட்டத்தில் சிவப்பு விளிம்பு, குறுக்கே ஒரே ஒரு கோடு என்றால் நிறுத்திவிட்டுப் போகக் கூடாது. இரண்டு கோடு பெருக்கல் குறி போல இருந்தால் நிற்கவே கூடாது. கீழே அம்புக்குறி இருந்தால் அந்தத் திசை முழுக்கப் பொருந்தும். கன்னடத்தில் 'வாகன நிலுகடெ' என்றால் வண்டி நிறுத்தம், நம் 'நில்' அதற்குள்ளேயே இருக்கிறது. பக்கத்தில் 'நிஷேத' என்று இருந்தால் தடை. 'பாதசாரி மார்க' என்றால் நடைபாதை. சில தெருக்களில் ஒருநாள் இந்தப் பக்கம், மறுநாள் அந்தப் பக்கம் என்று தேதி பார்த்து நிறுத்த வேண்டும். அங்கே 'சம' என்றால் இரட்டைப்படைத் தேதி, 'பெச' என்றால் ஒற்றைப்படை. இதைத் தெரியாமல் அபராதம் கட்டிய தமிழர்கள் எத்தனையோ பேர். எழுத்தையும் கற்றுக்கொள்ளுங்கள், ஒரு மாதத்தில் பஸ் போர்டு படிக்க வந்துவிடும்.

எங்கேதான் நிறுத்துவது என்று கேட்பது நியாயம். இடம் குறைவு என்பது உண்மை, அரசும் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. இந்திராநகருக்கு மெட்ரோவில் போய்விடுங்கள், ஸ்டேஷனிலிருந்து நூறடி ரோடு நடக்கிற தூரம்தான். காந்திநகர், மெஜஸ்டிக், சிக்பேட்டை என்றால் ஃப்ரீடம் பார்க் பக்கத்தில் பலமாடி நிறுத்தம் இருக்கிறது. மற்ற இடங்களில் இரண்டு தெரு தள்ளி, தடை இல்லாத குறுக்குத் தெருவில் விட்டுவிட்டு நடக்கலாம். கேட்டை மறைக்காமல் விட்டால் போதும்.

கடைசியாக உங்கள் டி.என். நம்பர் பற்றி, நீங்கள் கேட்காததையும் சொல்கிறேன். ஒரு மாநிலத்து வண்டியை வேறொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆவது பிரிவு. கர்நாடகத்தில் வரியும் கட்ட வேண்டும். உங்களுக்கு எட்டு மாதம் ஆகிவிட்டது. இங்கேயே இருக்கப் போகிறீர்கள் என்றால் மதுரை ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று வாங்கும் வேலையை இப்போதே ஆரம்பியுங்கள். பாக்கி அபராதம் இருந்தால் அந்தச் சான்று இழுக்கும், அதனாலும் இதை முதலில் முடித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை கடை திறக்கும் முன் அந்த இடத்துக்கு ஒரு டேப்போடு போய், பக்கத்து வீட்டுக் காம்பவுண்டிலிருந்து அளந்து நாலு படம் எடுங்கள். வண்டி நின்றது கோட்டுக்கு உள்ளே என்றால் படங்களோடு இங்கேயே எழுதுங்கள், மனு எப்படி எழுதுவது என்று சொல்கிறேன். வெளியே என்றால் அன்றைக்கே கட்டிவிடுங்கள்.